பெட்டி நுழையாத வாசல்

1903-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' என்ற ஆங்கில நாவலை வாசித்தவர்கள் அதன் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். லண்டனில் வெளியுறவு அலுவலகத்தில் பணிபுரியும் காரதர்ஸ், பழைய கல்லூரித் தோழன் டேவிஸின் அழைப்பை ஏற்றுப் பால்டிக் கடலோரத்திலுள்ள ஃப்ளென்ஸ்பர்க் நகருக்கு வந்து சேர்கிறான். தோழனிடம் இருப்பது உல்லாசப் பாய்ப்படகு. ஆகவே பணியாளர்கள் இருப்பார்கள், சீருடைகள் இருக்கும், மாலை விருந்துக்கான உடைகளும் தேவைப்படும் என்பது அவன் எண்ணம். அதற்கேற்ப விறைப்பான பெரிய தோல்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். இரவில் துறைக்கு வந்து பார்த்தால், அங்கே நிற்பது சிறிய, எளிய படகு. அதன் உள்ளறைக்கு இறங்கும் வாயிலில் பெட்டி நுழைய மறுக்கிறது. கரையிலேயே பெட்டியைத் திறந்து, துணிமணிகளைக் கை கையாக அள்ளி உள்ளே கொண்டுபோக வேண்டியதாகிறது.

டேவிஸ் தன் கடிதத்தில் வாங்கிவரச் சொல்லியிருந்த பொருள்களின் பட்டியல் வேறு வகையானது. ஒரு திசைகாட்டி, பாய்மரக் கயிறுகளை முறுக்கி இறுக்கும் திருகுகள், மழைக்கோட்டு, புகையிலை, குறிப்பிட்ட எண்ணுள்ள ரிப்பிங்கில் அடுப்பு. காரதர்ஸ் தானாகக் கட்டிவந்த பெட்டியையும் தோழன் கேட்ட பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்த நாவலின் பாதிக் கதையை நாம் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

இக்கட்டுரையை எழுதும் நம்மில் எவருக்கும் பாய்ப்படகில் பெருங்கடல் கடந்த அனுபவம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். நம் கடற்பயணமெல்லாம் நாற்காலியில் அமர்ந்து செய்தவை. ஆனால் கடற்பயண நூல்களைத் தொடர்ந்து வாசித்தபோது ஒன்றைக் கவனித்தோம். புயலையும் அலையையும் பற்றி எழுதும்போது எல்லா மாலுமிகளும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகிறார்கள். படுக்கை எங்கே இருந்தது, அடுப்பு எப்படித் தொங்கியது, எதை ஏற்றினோம், எதை இறக்கினோம் என்று எழுதத் தொடங்கும்போதுதான் ஒவ்வொருவரும் தனி மனிதராகத் தெரிகிறார்கள். இருபது முப்பது அடி நீளமுள்ள படகின் உள்ளறையை அமைப்பதென்பது, தான் யார், எதன்மீது நம்பிக்கை வைக்கிறோம் என்பதைப் பலகையாலும் ஆணியாலும் எழுதிவைப்பது. அதைத் துறைமுகத்திலேயே எழுதி முடித்துவிட வேண்டும். திருத்தம் செய்யக் கடலில் நேரம் கிடைப்பதில்லை.

நாவலை எழுதிய எர்ஸ்கின் சைல்டர்ஸ் இதைச் சொந்த அனுபவத்தில் அறிந்தவர். 1897-இல் 'விக்சன்' என்ற முப்பதடிப் படகில், ஜெர்மனியின் ஃப்ரீசியத் தீவுகளை ஒட்டிய மணல்திட்டுகளின் வழியாகப் பால்டிக் வரை சென்று வந்தார். விக்சன் உயிர்காப்புப் படகாக இருந்து பாய்ப்படகாக மாற்றப்பட்டது. ஆழமில்லாத நீரில் ஓடவேண்டும் என்பதால் அதன் அடியில் நிலையான ஆழ்ந்த ஏரா கிடையாது. தேவைப்படும்போது நடுவிலிருந்து கீழிறக்கி, மணல் தட்டும்போது மேலே தூக்கிக்கொள்ளும் இரும்புப் பலகை உண்டு. அந்தப் பலகை மேலேறினால் தங்குவதற்கு ஒரு பெட்டி வேண்டுமல்லவா? அப்பெட்டி உள்ளறையின் நடுவே சுவர்போல நின்று அறையை இரண்டாகப் பிளந்துவிடும். நாவலின் டல்சிபெல்லா படகிலும் இதே ஏற்பாடுதான். அச்சுவரின் இருபுறமும் கீல் வைத்து மடக்குப் பலகைகளைப் பொருத்தினால் அதுவே சாப்பாட்டு மேசை. அவ்வறையில் எதுவும் ஒரே வேலைக்காக இருப்பதில்லை.

சைல்டர்ஸின் தலைமுறைக்குச் சற்று முன்வரை இப்படியொரு பேச்சுக்கே இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உல்லாசப் பாய்ப்படகு வைத்திருப்பவர் கூலிக்கு மாலுமிகளை வைத்திருப்பார். உரிமையாளரின் அறை படகின் நடுவிலும் பின்புறத்திலும், அதாவது ஆட்டம் குறைந்த இடத்தில் இருக்கும். கூலியாட்கள் படுப்பதும் சமைப்பதும் முன்மூக்கில். அலை மோதும்போது மேலும் கீழுமாகத் தூக்கி எறியப்படும் இடம் அது. படகின் வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அந்தச் சமூகத்தின் மேல் கீழ் அடுக்குகளைச் சொல்லிவிடலாம். (நம் ஊர்ப் பெரிய வீடுகளின் முன்கட்டு, பின்கட்டு, கொல்லைப்புறம் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை.)

இந்த ஏற்பாட்டை உடைத்தவர்களில் முதன்மையானவர் என ஜான் மக்ரெகரைக் கூறலாம். 1867-இல் 'ராப் ராய்' என்ற 21 அடிப் படகில் தன்னந்தனியாக ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, சீன் நதி வழியே பாரிஸ் பொருட்காட்சிக்குப் போய்த் திரும்பினார். வழக்கறிஞரும் சமயத் தொண்டருமான அவர், சமையலும் படுக்கையும் வாசிப்பும் ஒரே மனிதனின் கையெட்டும் தூரத்தில் அமையவேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டிய படகு அது. பத்தாண்டுகள் கழித்து, 1877-இல், பங்குத் தரகரான ரிச்சர்ட் மக்முல்லன் தன் 'ஓரியன்' படகின் கூலி மாலுமிகளோடு பிணங்கி அவர்களைப் பிரான்சின் ஷெர்பூர் துறையில் இறக்கிவிட்டு, பலர் சேர்ந்து ஓட்டவேண்டிய அப்படகைத் தனியாக இங்கிலாந்துக்கு ஓட்டிவந்தார். பிடிவாதம்தான்; ஆனால் ஒரு மனிதனால் எவ்வளவு முடியும் என்பதை அந்தப் பிடிவாதம் காட்டிவிட்டது. மக்முல்லன் 1891-இல் 'பெர்சியஸ்' என்ற சிறு படகில் தனியே சென்றபோது, சுக்கானருகே அமர்ந்த நிலையிலேயே இதயம் நின்று இறந்தார். படகு தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கப் பிரெஞ்சு மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தனர்.

கூலியாள் இறங்கிப் போனதும் அடுப்படி இடம் மாறியது. உரிமையாளரே சமைக்க நேர்ந்தபோது, முன்மூக்கின் ஆட்டம் எத்தகையது என்பது அவருக்குத் தெரிந்தது! கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பு பின்னோக்கி நகர்ந்து, இறங்கு வாயிலின் அருகே வந்து சேர்ந்தது. அங்கே ஆட்டம் குறைவு; காற்றோட்டம் உண்டு; சுக்கான் பிடித்திருப்பவருக்குத் தேநீரை எட்டிக் கொடுக்கலாம். இன்றும் பெரும்பாலான சிறு படகுகளில் அடுப்படி அங்கேதான் இருக்கிறது. அது அங்கு வந்த கதையில் பாதி, கூலி கொடுத்து ஆள் வைக்க முடியாத, அல்லது வைக்க விரும்பாத, ஒரு புதிய வகுப்பின் கதை.

தனிமனிதனின் படகென்றால் ஜோஷுவா ஸ்லோக்கமைத் தாண்டிச் செல்ல முடியாது. நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, பாய்மரக் கப்பல்களின் தலைவராக உலகெங்கும் ஓடியவர். நீராவிக் கப்பல்கள் அவருடைய தொழிலைப் பறித்துக்கொண்டன. 1892-இல் நண்பர் ஒருவர் அவருக்குப் 'பரிசாக'த் தந்தது, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவன் ஊரில் ஒரு வயலில் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய படகு. அதுதான் 'ஸ்ப்ரே'. பதின்மூன்று மாத உழைப்பும் 553 டாலர் 62 சென்ட்டும் செலவிட்டு அதைப் புதிதாகவே கட்டினார். நீளம் 36 அடி 9 அங்குலம்; அகலம் 14 அடிக்குச் சற்று மேல். பின்புறத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தங்கும் அறை. முன்னே ஆறுக்கு ஆறு அடியில் அடுப்படி. இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்கும் உப்பிட்ட இறைச்சிக்கும் இடம். அறையின் ஓரத்தில் படுக்கை, அலமாரிகள், மருந்துப் பெட்டிக்கென ஒரு மூலை.

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பிய அவர் 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டில் நங்கூரமிட்டபோது, தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஆகியிருந்தார். அவர் என்னென்ன கருவிகளைக் கொண்டுபோனார் என்பதில்தான் நமக்கு ஆர்வம். தீர்க்கரேகையைக் கணக்கிட மாலுமிகள் குரோனோமீட்டர் எனும் துல்லியக் கடிகாரத்தை நம்பியிருந்த காலம் அது. ஸ்லோக்கமிடம் ஒன்று இருந்தது. அதைத் துடைத்துச் சரிபார்க்கப் பதினைந்து டாலர் ஆகும் என்றார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். யார்மத் துறையில் ஒரு தகரக் கடிகாரத்தை வாங்கினார். ஒன்றரை டாலர் விலை, முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்தது. பயணத்தின் நடுவே அதன் நிமிட முள்ளும் கழன்று விழுந்தது. கடிகாரத்தை வெந்நீரில் வேகவைத்த பிறகு மறுபடி மணி காட்டியது என்று அவர் எழுதியிருப்பதை நம்பாமலிருக்க நமக்குக் காரணமில்லை.

இரவில் அறைக்கு ஒளிதந்த இரட்டைத் திரி விளக்கே பகலில் அடுப்பாகவும் மாறியது. முழுத் தோணி ஏற்ற இடமில்லாததால் ஒரு தோணியைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டுவாயைப் பலகையால் அடைத்து ஏற்றிக்கொண்டார். அந்த அரைத் தோணியே துணி துவைக்கும் தொட்டி, குளிக்கும் தொட்டியும் அதுவே. செயின்ட் ஹெலினா தீவில் ஒருவர் அன்போடு அளித்த ஆடு மட்டும் இந்தச் சிக்கனத்துக்கு அடங்கவில்லை. அது மேற்கிந்தியத் தீவுகளின் கடல்வரைபடத்தைத் தின்றுவிட்டது.

ஸ்லோக்கம் வறுமையினால் எளிமையாக இருந்தார் என்று கூறிக் கடந்துவிடலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. அவர் எதில் கஞ்சத்தனம் காட்டவில்லை என்று பார்க்கவேண்டும். படகின் மரத்தில் காட்டவில்லை. நூலகத்திலும் காட்டவில்லை. ஸ்ப்ரே, சுக்கானைக் கட்டிவிட்டால் தானே நேராக ஓடும் குணம் கொண்டது. தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரையிலான 2,700 மைல்களை 23 நாட்களில் கடந்தபோது அவர் சுக்கானருகே நின்ற நேரம் மொத்தமே மூன்று மணிக்குள்தான். மற்ற நேரமெல்லாம் உள்ளறையில் வாசித்துக்கொண்டிருந்தார். படகின் இலட்சணம் சரியாக அமைந்துவிட்டால் கருவி குறைவாக இருக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அடுப்பைப் பற்றி இன்னும் சிறிது பேசவேண்டும். 1892-இல் ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு, சிறு படகு வாழ்க்கையைப் பெரிதும் மாற்றிய கருவிகளுள் ஒன்று. மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் ஆவியாக்கி, புகையில்லாத நீலச் சுவாலையாக எரிக்கும் அந்தப் பித்தளை அடுப்பை நாம் நன்கறிவோம். பம்பு ஸ்டவ் என்று நம் அம்மாக்கள் ஊசியால் கண் குத்தி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, உஸ்ஸென்ற ஓசையோடு பற்றவைத்த அதே அடுப்புதான். துருவங்களுக்குப் போன குழுக்களும் சிறு படகுக்காரர்களும் அதையே சுமந்து சென்றனர். படகில் ஒரே வேறுபாடு, அது தொங்கவேண்டும். படகு ஒரு பக்கம் சாயும்போது அடுப்பு மட்டும் நேராக நிற்கும்படி, இருபுறமும் அச்சாணியில் ஊஞ்சலாக மாட்டிவைப்பார்கள். சமைப்பவர் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி எதிர்ச்சுவரில் கொக்கி போட்டுக்கொள்வார். பின்னாளில் சமையல் எரிவாயு வந்தபோதும் பலர் மண்ணெண்ணெயை விடவில்லை. அதில் பழமைப் பிடிப்பு மட்டும் இல்லை. எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியே போகும். படகோ வாசலில்லாத கிண்ணம். கசிந்த வாயு அடியில் தங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

இதேபோல ஒவ்வொரு வசதிக்குப் பின்னும் ஒரு கணக்கு உண்டு. நிமிர்ந்து நிற்கும் உயரம் வேண்டுமென்றால் அறையின் கூரையை உயர்த்தவேண்டும். உயர்ந்த கூரையைக் காற்றும் அலையும் பிடித்துத் தள்ளும். கழிப்பறை வைத்தால் படகின் உடலில் இரண்டு துளைகள் இடவேண்டும். வாளி போதும் என்றவர்கள் அருவருப்பற்றவர்கள் அல்லர், துளைக்கு அஞ்சியவர்கள். முன்மூக்கில் அமைக்கும் இரட்டைப் படுக்கை துறைமுகத்தில் மிக அழகு; கடலில் அங்கே எவரும் உறங்க முடியாது. கடலில் வேண்டியது ஒடுங்கிய, ஆழமான, உருண்டு விழாமலிருக்க ஓரத்தில் பலகையோ துணியோ கட்டிய படுக்கை. அகன்ற அறை கண்ணுக்கு இனியது. ஆனால் படகு சாயும்போது ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மனிதன் எறியப்படும் தூரமும் அகன்றுவிடுகிறது. ஆக, துறைமுகத்தில் இருப்பதற்கான வீடு, கடலில் இருப்பதற்கான வீடு என இரண்டு வீடுகளை ஒரே கிண்ணத்துக்குள் கட்டவேண்டியிருக்கிறது.

சைல்டர்ஸின் பெயரை எடுத்தபின் 'அஸ்கார்ட்' படகைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. நார்வேயின் புகழ்பெற்ற படகுக் கலைஞர் காலின் ஆர்ச்சர் 1905-இல் கட்டிய 51 அடிப் படகு அது. சைல்டர்ஸ் தம்பதியருக்கு மணப்பரிசாகக் கிடைத்தது. 1914 ஜூலையில் அயர்லாந்துத் தன்னார்வப் படையினருக்காக நடுக்கடலில் 900 துப்பாக்கிகளையும் 29,000 தோட்டாக்களையும் அதில் ஏற்றினார்கள். உள்ளறையின் இருக்கைகளைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் துப்பாக்கிகளை அடுக்கி, அவற்றின்மேல் மெத்தை விரித்துப் படுத்துக்கொண்டு வந்தார்கள். ஜூலை 26 அன்று டப்ளினுக்கு அருகே ஹவுத் துறையில் அவை இறக்கப்பட்டன. பெட்டி நுழையாத வாசலைப் பற்றி எழுதியவர், பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு வாசல் வழியே எதை நுழைத்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். 1922 நவம்பரில், அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது, அந்நாட்டின் புதிய அரசே அவரைச் சுட்டுக் கொன்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உள்ளறையைப் பற்றி மிகத் துணிவாகச் சிந்தித்தவர் பிளாண்டி ஹாஸ்லர். 1942 டிசம்பரில் சிறு துடுப்புத் தோணிகளில் போர்தோ துறைமுகத்துக்குள் ஊடுருவி ஜெர்மன் கப்பல்களைத் தாக்கிய படையின் தலைவர். ஏறத்தாழ 25 அடி நீளமுள்ள அவருடைய 'ஜெஸ்டர்' படகில், வெளியே உட்கார்ந்து ஓட்டும் பள்ளத்தையே மூடிவிட்டார். படகின் மேல்தளம் முழுவதும் அடைக்கப்பட்டு, நடுவில் ஒரு வட்டத் துளை மட்டும். அதில் தலையை நீட்டி நின்றபடி கயிறுகளை இழுத்து, சீன ஜங்க் கப்பல்களின் முறையில் மடியும் ஒற்றைப் பாயை ஏற்றலாம், சுருக்கலாம். காற்றின் திசையைப் பற்றிக்கொண்டு தானே சுக்கானைத் திருப்பும் கருவி ஒன்றையும் அமைத்தார். மழையில் நனையாமல், மேல்தளத்துக்கே வராமல் அட்லாண்டிக்கைக் கடப்பது என்பது அவர் கனவு. 1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு நடந்த முதல் தனிநபர் போட்டியில் 48 நாட்களில் இரண்டாவதாக வந்தார். நாற்பது நாட்களில் முதலில் வந்தவர் பிரான்சிஸ் சிச்செஸ்டர்.

இனி 1968-க்கு வருவோம். லண்டனின் சண்டே டைம்ஸ் இதழ், எங்கும் நிற்காமல், எவர் உதவியுமின்றி, தனியாக உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' போட்டியை அறிவித்தது. ஒன்பது பேர் கிளம்பினர். முடித்தவர் ஒரே ஒருவர். அந்த ஒன்பது படகுகளின் உள்ளறைகளையும் தனித்தனியே விவரிக்க இங்கே இடமில்லை. மூன்று போதும்.

முதலாவது, நம் நாட்டில் பிறந்த படகு. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் இளம் அதிகாரியான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாய் கொலாபாவில் இருந்த பட்டறையில் கட்டுவித்த 'சுஹைலி'. காலின் ஆர்ச்சரின் உயிர்காப்புப் படகுகளைப் பின்பற்றி வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் வரைந்த பழைய வரைபடம், 32 அடி, முழுவதும் தேக்கு. பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியாலும் வில்லால் இழுத்துச் சுழற்றும் துரப்பணத்தாலும் அதைச் செதுக்கினர். 1964 இறுதியில் தேங்காய் உடைத்து நீரில் இறக்கப்பட்டது. போட்டிக்கு வந்த படகுகளில் பழைய பாணியானதும் வேகம் குறைந்ததும் அதுவே எனலாம். டின்களின் தாளை உரித்து, வார்னிஷ் பூசி, உள்ளே என்ன என்பதற்கு அடையாளம் எழுதி அடுக்கினார். (தாள் நனைந்து உரிந்துவிட்டால் பழமா, இறைச்சியா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.) 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத்திலிருந்து கிளம்பினார்.

தென்கடலின் முதல் பெரும்புயலிலேயே ஓர் அலை சுஹைலியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்மேல் அறையிலிருந்த சாமான்கள் அனைத்தும் வந்து விழுந்தன. அவற்றினடியிலிருந்து எழுந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, அறையின் கூரை படகின் உடலோடு சேரும் இடமெங்கும் விரிசல். குறுக்குச் சுவர்களே இடம் பெயர்ந்திருந்தன. அடுத்த அலை அந்த அறையைப் பெயர்த்து எடுத்துச் சென்றால், படகின் நடுவில் மிஞ்சுவது பெரிய ஓட்டை மட்டுமே. அதைப் பலப்படுத்திக்கொண்டு ஓடினார். தொட்டியிலிருந்த குடிநீர் கெட்டது. பாயில் விழுந்த மழையைப் பிடித்துக் குடித்தார். வானொலி அனுப்புக் கருவி செயலிழந்தது. நியூஸிலாந்தைத் தாண்டிய பின் மாதக்கணக்கில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே உலகுக்குத் தெரியவில்லை. தானே ஓட்டும் கருவியும் உடைந்தது. இதற்கெல்லாம் முன்பே, கேப் வெர்டே தீவுகளருகே படகின் அடியில் மரங்களுக்கிடையே நீர் கசியத் தொடங்கியிருந்தது. கடலில் மூழ்கிக் கீழே போய், பஞ்சடைத்துக் கலப்பத்து செய்து, செப்புத் தகடு வைத்து அடித்தார். நடுவே வந்த சுறாவைச் சுட வேண்டியதாயிற்று.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அவரிடமிருந்த ஒவ்வொரு 'கருவி'யும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டது. கைவிடாதவை மரமும், அந்த மரம் எப்படிக் கட்டப்பட்டது என்று ஒவ்வோர் ஆணியாக அவருக்குத் தெரிந்திருந்ததும். 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாட்களுக்குப் பின், ஃபால்மத் வந்து சேர்ந்தார்.

இரண்டாவது படகு 'ஜோஷுவா'. பெயர் ஸ்லோக்கமுக்குக் காணிக்கை. இந்தோசீனாவில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரரான பெர்னார் மொய்தெஸியே, 39 அடி எஃகுப் படகொன்றைத் தந்திக் கம்பங்களைப் பாய்மரமாக நட்டு உருவாக்கியிருந்தார். அறைக்குள்ளிருந்தே ஓட்ட ஒரு சக்கரமும், தலையை நீட்டிப் பார்க்கக் கண்ணாடிக் குமிழும் உண்டு. போட்டிக்காரர்கள் எல்லாரும் பொருள்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் பிளிமத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் இறங்கியது, நங்கூரங்கள் இறங்கின, சங்கிலி இறங்கியது. வானொலி அனுப்புக் கருவியைத் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். கப்பல்களைக் கண்டால் உண்டிவில்லால் செய்தியை எறிவேன் என்றார். எறியவும் செய்தார். வெற்றி பெறும் நிலையில் இருந்தவர், 1969 மார்ச்சில் கேப் டவுன் அருகே ஒரு கப்பலுக்கு உண்டிவில்லால் அடித்த செய்தியில் போட்டியைத் துறப்பதாக அறிவித்து, மீண்டும் கிழக்கே திரும்பித் தாஹிதிக்குப் போய்விட்டார். துறவு மனம் கடலில் உதித்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பிளிமத்தில் அவர் இறக்கிவைத்த சாமான்களைப் பார்த்திருந்தால் அப்போதே ஊகித்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் 'டெய்ன்மத் எலெக்ட்ரான்'. மின்னணுப் பொறியாளர், சிறு தொழில் நடத்திக் கடனில் தத்தளித்தவர். ஆர்தர் பைவர் வடிவமைத்த, மூன்று உடல்களை இணைத்த 40 அடிப் படகு. இதே வடிவமைப்பில்தான் போட்டியின் இன்னொருவரான நைஜல் டெட்லியின் 'விக்ட்ரெஸ்' படகும் கட்டப்பட்டிருந்தது. ஆனால் டெட்லிக்கு அப்படகு மனைவியோடு குடியிருந்த வீடு. குரோஹர்ஸ்ட்டுக்கு அது ஒரு கருவிக்கூடம், அதுவும் கட்டி முடியாத கருவிக்கூடம். படகு கவிழ்ந்தால் பாய்மர உச்சியிலுள்ள காற்றுப்பை தானே ஊதிப் படகை நிமிர்த்தும். அதை ஒரு கணிப்பொறி இயக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வண்ண வண்ணக் கம்பிகளை அறையெங்கும் இழுத்திருந்தார். கம்பிகள் ஓரிடத்தில் வந்து கூடின. அந்த இடத்தில் கணிப்பொறி இல்லை.

கெடுவின் கடைசி நாளான 1968 அக்டோபர் 31 அன்று அவர் கிளம்பியபோது, மாற்று உதிரிப் பாகங்களின் குவியல் ஒன்று கரையிலேயே விடுபட்டுப் போயிருந்தது. உடல்களில் புகும் நீரை இறைப்பதற்கான குழாய் படகில் இல்லை. நீரோ முதல் வாரங்களிலேயே புகத் தொடங்கியது. இறைக்க முடியாத படகில் தென்கடலுக்குப் போனால் சாவு. திரும்பினால் கடனும் அவமானமும். டிசம்பரிலிருந்து பொய்யான இடக்குறிப்புகளை வானொலியில் அனுப்பத் தொடங்கினார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றிவருவதாக நம்பவைத்தார். அந்தப் பொய்யை நம்பிய டெட்லி, குரோஹர்ஸ்ட் தன்னை முந்திவிடுவாரோ என்று களைத்துப்போன விக்ட்ரெஸை விரட்டினார்; 1969 மே 21 அன்று அசோர்ஸ் தீவுகளருகே அது மூழ்கியது. அவர் உயிர் பிழைத்தார். இல்லாத ஒரு குழாய் எவ்வளவு தூரம் நீண்டது பாருங்கள்!

1969 ஜூலை 10 அன்று 'பிகார்டி' என்ற அஞ்சல் கப்பல், ஆளில்லாமல் மிதந்த டெய்ன்மத் எலெக்ட்ரானைக் கண்டது. கழுவாத பாத்திரங்கள் கிடந்தன. பிரித்துப் போட்ட வானொலிப் பாகங்களுக்கு நடுவே, காலிப் பால் டின் ஒன்றின்மேல் பற்றுவைப்புக் கோல் விழாமல் நின்றிருந்தது. பேரலை எதுவும் படகைத் தாக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மேசைமேல் குறிப்பேடுகள். கடைசிப் பதிவு ஜூலை 1-ஆம் தேதி. அவரோடு கடிகாரமும் காணாமல் போயிருந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்ட் பரிசை குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

அதே 1969-இல் இங்கிலாந்தில் 'வெஸ்டர்லி சென்டார்' என்ற 26 அடி கண்ணாடியிழைப் படகு சந்தைக்கு வந்தது. ஆறு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்கலாம், உள்ளமைப்பும் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் கிடைத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விற்றன. சனி ஞாயிறுகளில் குழந்தைகளோடு கழிமுகம் வரை போய்வரும் குடும்பங்களுக்கு அது அருமையான படகு; அவர்களைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. காரதர்ஸின் பெட்டியைக் கொஞ்சம் சிரமப்பட்டால் அதன் வாயிலில் நுழைத்துவிடலாம் என்றே நினைக்கிறோம்.

மூன்று படகுகளும் பின்னர் என்ன ஆயின என்று வாசகர்கள் கேட்கக்கூடும். டெய்ன்மத் எலெக்ட்ரான் பலர் கைமாறி, கரீபியக் கடலிலுள்ள கேமன் பிராக் தீவின் கரையில் சிதைந்து போயிற்று. ஜோஷுவா பிரான்சின் லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. சுஹைலியைக் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில், ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அரங்கில் சில ஆண்டுகள் வைத்திருந்தார்கள். உலர்ந்த காற்றில் அந்தத் தேக்குப் பலகைகள் சுருங்கத் தொடங்கின. தென்கடலில் பிரியாத மூட்டுகள் அங்கே இடைவெளி காட்டின. 2002-இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.